ஷாஃபர் வீட்டுச் சமையலறையில் நிற்கும் குண்டு

வெர்லின் ஷாஃபரின் கைத்துப்பாக்கியிலிருந்து கிளம்பிய குண்டு, அவருடைய சமையலறையின் பாதியைக் கடக்கப் பத்து மாதம் எடுத்துக்கொண்டது. கிளம்பியது எண்பத்து மூன்றாம் வருடம், மான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு. அன்று பென்சில்வேனியாவின் எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. வாத்தியார்களும் காட்டில்தான் இருப்பார்கள். வெர்லினும் போயிருந்தார். அவருடைய ஆறு வயது மகன் வேட், தானும் வேட்டைக்குப் போவதாக முடிவுசெய்து, நாற்காலி போட்டு ஏறி, குளிர்பெட்டியின் மேலிருந்த மாவு டப்பாவைத் திறந்தான். அதில் துப்பாக்கி இருப்பது யாருக்கும் தெரியாது என்று வெர்லின் நம்பியிருந்தார். தெருவில் பத்து வயதுக்குட்பட்ட அத்தனை பேருக்கும் தெரியும்.

எதிரே அவன் தங்கை, நாலு வயது லோர்னா, மேப்பிள் பாகு விட்ட ஓட்ஸ் கஞ்சி தின்றுகொண்டிருந்தாள். சத்தம் கேட்டுத் தாய் ஆர்டித் திரும்பியபோது, குண்டு துப்பாக்கிக் குழாயை விட்டு ஒரு சாண் தள்ளிக் காற்றில் நின்றது. நின்றது என்று சொல்லக்கூடாது. நாளுக்கு ஒரு நெல்லளவு போய்க்கொண்டிருந்தது.

நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். இடுக்கியால் இழுத்ததில் இடுக்கிதான் வளைந்தது. லோர்னாவை வேறு நாற்காலியில் உட்காரவைத்தால் குண்டின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பியது. மூன்று வாரம் அவளை வேறு ஊரில் சித்தி வீட்டில் விட்டார்கள். சுவரைத் தாண்டி அந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்தபடி அது தன் நெல்லளவை விடாமல் நகர்ந்தது. பாதிரியார் ஜெபித்தார். காவல் அதிகாரி நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

வெர்லின் எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார். "எங்கப்பா காலத்துலேருந்து, குண்டு போடுற உருளைல முதல் அறை காலியாத்தான் இருக்கும். பிள்ளை தெரியாம அமுக்கினாலும் வெடிக்காது."

துப்பாக்கி பழுதுபார்க்கும் கிழவர் மெர்வின் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அமுக்கினா உருளை ஒரு அறை திரும்பும்டா வெர்லின். காலி அறை மரியாதையா ஒதுங்கி, குண்டுக்கு வழி விடும். உங்கப்பனுக்கும் இது தெரியாது. நீ பொழைச்சு வளந்தியே, அதான் எனக்கு ஆச்சரியம்."

வெர்லினுக்குக் கோபம் வந்தது. குண்டை எடுத்துவிட்டால், திருடன் வரும்போது என்ன செய்வது என்று கேட்டார். எங்கள் ஊருக்குக் கடைசியாகத் திருடன் வந்தது முப்பத்தொன்றில். இரண்டு கோழி போயின. ஆகவே அவர் துப்பாக்கியை நிரப்பியபடியே துணி அலமாரியின் உச்சிக்கு மாற்றினார், பிறகு பரணுக்கு. குண்டு நகர்ந்தது.

செப்டம்பரில் லோர்னாவுக்கும் குண்டுக்கும் நடுவே ஒரு நாற்காலி போடுமளவுதான் இடம் மிச்சம். வேட் தன் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டு, குண்டுக்கு நேரே நெற்றியைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினான். ஆர்டித் தூக்கி அப்பால் வைத்தால் திரும்பி வந்து உட்கார்ந்தான். பதினோராம் நாள் இரவுச் சாப்பாட்டில் வெர்லின், அங்கே ஏன்டா உட்காருகிறாய் என்று கேட்டார்.

"நான்தானே சுட்டேன். அது வர்றப்ப நான் இருக்கணும்ல," என்றான் வேட். உருளைக்கிழங்கை விழுங்கிவிட்டு, "துப்பாக்கி இப்ப பரண்ல இருக்குப்பா. உன் பழைய கோட்டுக்குள்ள," என்றான்.

வெர்லின் கரண்டியை வைத்துவிட்டுப் பரணேறினார். கோட்டுக்குள்தான் இருந்தது. அதில் மிச்சமிருந்த குண்டுகளை எல்லாம் எடுத்துத் தனியாகப் பூட்டினார். துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். கீழே இறங்கி வந்து, மகனின் நெற்றிக்கு முன்னால், குண்டின் மூக்கருகே ஒரு நெல்லை அளவுக்குப் பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தார். குண்டு நகரவில்லை. அந்த வாரம் ஊர்க் கடையில் பூட்டு தீர்ந்துபோனது.

குண்டு இன்னும் அங்கேதான் நிற்கிறது. லோர்னா அதில் அடுப்புத் துணியை மாட்டுகிறாள். அவளுடைய பிள்ளைகள் பார்க்காமலே சுற்றிப் போகப் பழகிவிட்டார்கள். அண்ணன் வேட்டுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. விருந்துக்கு வந்தால் அதே நாற்காலியில்தான் உட்காருகிறான். அவன் வளர்ந்துவிட்டதால், அது இப்போது அவன் நெஞ்சுக்கு நேராக இருக்கிறது.