ஆக்கம்: உத்திரமேரூர் சின்னராசு

ஆடி பிறந்ததிலிருந்து சின்னராசுவுக்கு வேலை கிடையாது. ஆனாலும் காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து பஜார் தெரு தேவகி அச்சகத்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான். உள்ளே ஏசுதாஸ் ஒற்றைக் காலால் டிரெடில் மெஷினை மிதித்தபடி ஒரு கையால் தாளைக் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொண்டிருந்தான். மெஷின் வாயைத் திறந்து மூடும் சத்தத்துக்கு நடுவே, புதிதாக மொட்டை அடித்திருந்த ஒரு ஆள் படியேறி வந்து நின்றார்.

"இங்க வீரான்னு ஒருத்தர் அயுவாச்சிப் பாட்டு எயுதறாராமே? எங்க நைனா தவறிட்டாரு, அவருக்கு எயுதணும்."

அச்சக முதலாளி கோபால் மேசையிலிருந்து நிமிர்வதற்குள் சின்னராசு எழுந்துவிட்டான்.

"நா எயுதித் தரேன், குந்துங்க."

"நீங்கதான் வீராவா?"

"இல்ல. நா சின்னராசு. உத்திரமேரூர் சின்னராசு. கல்யாண வாழ்த்து மடல்ல பாத்திருப்பீங்களே?"

"அப்ப வேணாங்க. அவருதான் எயுதணும்" என்றார் அந்த ஆள், மரியாதையாகவே.

கோபால் அவரை உட்காரவைத்துக் கேட்டார். உங்க நைனா இன்னா சொல்லி உங்களைக் கூப்புடுவாரு? எதுக்குக் கோவம் வரும்? கடைசியா இன்னா கேட்டாரு? அந்த ஆள் சொல்லச் சொல்ல கோபால் பழைய புரூப் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். இந்தக் கேள்விகளெல்லாம் கோபாலுடையவை அல்ல என்று சின்னராசுவுக்குத் தெரியும். வீரா என்ற பேரில் எழுதுகிறவள் கேட்கச் சொல்லி அனுப்பியவை.

பியூசியில் தவறிய வருஷத்திலிருந்து அவன் எழுதிக்கொண்டிருந்தான். கல்யாண வாழ்த்து மடல், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கடைத் திறப்பு, மந்திரி வந்தால் வரவேற்பு, டென்ட் கொட்டகை நோட்டீஸ் என்று எது வந்தாலும் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடுவான். சாவு நோட்டீசும் எழுதியிருக்கிறான். 'வானத்து நிலவே, வாழ்வின் விளக்கே, காலன் கவர்ந்த கற்பகத் தருவே' என்று ஒரு பாட்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுவேதான். பேரையும் போட்டோ பிளாக்கையும் மட்டும் ஏசுதாஸ் மாற்றிக்கொள்வான். அதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை, வீரம்மாள் வரும்வரை.

வீரம்மாள் காலனிக்காரி. அவனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், காலனி பால்வாடியில் வேலை பார்க்கிறாள். போன தையில் அவள் புருஷன் செங்கல் லாரி கவிழ்ந்து செத்துப்போனபோது, காரியத்துக்கு நோட்டீஸ் அடிக்க வந்தாள். வழக்கமான பாட்டைப் போடட்டுமா என்று கோபால் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தானே எழுதிவந்த துண்டுத் தாளை நீட்டினாள்.

கோழி அடைந்துவிட்டதா என்று
கேட்டுவிட்டுத்தான் படுப்பாய்.
இன்றைக்கு நீ கேட்கவில்லை;
கூடு திறந்தே கிடக்கிறது.

எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த ஏசுதாஸ் பாதியில் வெளியே போய் பீடி பற்றவைத்தான். அடுத்த வாரம் சாவு நோட்டீஸ் அடிக்க வந்தவர், மேசையில் கிடந்த அந்தத் தாளைப் பார்த்து, இதே மாதிரி வேண்டும் என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. வீரம்மாள் என்று போட்டால் எந்தத் தெரு, யார் வீடு என்று கேட்பார்கள் என்று கோபால் அடியில் 'வீரா' என்று மட்டும் போட்டார். இப்போது வாலாஜாபாத்திலிருந்தும் ஐயங்கார்குளத்திலிருந்தும் பஸ் ஏறி ஆட்கள் வந்தார்கள்.

மொட்டைத் தலைக்காரர் போனதும் சின்னராசு கேட்டான். "ஏண்ணா, எனக்கும் ஒரு சாவு குடுத்தா இன்னா? நா எயுத மாட்டனா?"

"நீ எயுதுவடா. நீ எல்லாத்தையும் எயுதுவ. ஆனா எவனாவது சின்னராசுதான் வேணும்னு கேட்டுக்கினு வந்தானா? அவ எயுதறது ஒண்ணே ஒண்ணு. அதுக்குத்தான் தேடிக்கினு வரான்." கோபால் கண்ணாடியைத் துடைத்தார். "கல்யாணத்துக்கு ஆடி கீது, மார்கழி கீது. சாவு எந்த மாசத்துல நிக்குது?"

சாயங்காலம் பால்வாடி விட்டு வீரம்மாள் வந்தாள். எப்போதும்போல் வாசல் படியிலேயே நின்று குறிப்புத் தாளை வாங்கிப் படித்தாள். படிக்கும்போது அவள் முகம் வேறு யாரோ கூப்பிடுவதைக் கேட்பதுபோல் கொஞ்சம் சாய்ந்தது. சின்னராசு வேண்டுமென்றே மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நல்லாகீறீங்களா சார்?" என்றாள்.

கூடப் படித்தவள் தன்னை சார் என்பது அவனுக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு அதுவும் இனிக்கவில்லை. "எனக்கு இன்னா, நல்லாத்தான் கீறேன்" என்றான்.

வீட்டுக்குப் போனால் அவன் மனைவி ராணியம்மாள் நடவுக்குப் போய்வந்து காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா செத்து அடுத்த மாதம் ஒரு வருஷம். அண்ணன்கள் பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர் ஒட்டலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மாவுக்கு அந்த வீராகிட்ட எயுதி வாங்கிக்கினு வாயேன்."

கை கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். "ஏன், ஊட்லயே ஒருத்தன் கீறேன், கண்ணு தெரியலையா?"

"உனக்கு ஏன் கோவம் வருது? நீ எயுதினா அதுவும் கல்யாண வூடு மாதிரியே கீது. அது எயுதினா, எங்கம்மா எதிர்ல குந்திக்கினு கீற மாதிரி கீது."

மாடத்தில் சாமி படத்துக்குப் பின்னால் அவள் ஒரு தாளை மடித்து வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தான். யாரோ தெரியாத ஊர்க் கிழவிக்கு வீரா எழுதியது. பத்து வருஷத்தில் அவன் எழுதிய நூற்றுக்கணக்கான மடல்களில் ஒன்றைக்கூட அவள் எடுத்து வைத்ததில்லை. அன்று அவன் உட்கார்ந்து மாமியாருக்கு ஒரு பாட்டு எழுதிப் பார்த்தான். அந்த அம்மாள் என்ன சொல்லி ராணியைக் கூப்பிடுவாள் என்று யோசித்தான், ஞாபகம் வரவில்லை. 'கற்பகத் தரு' மட்டும் வந்தது. கிழித்துப் போட்டான்.

ஆவணியில் முத்துகிருஷ்ணன் வந்தார். ஏரிப் பாசனத்தில் பாதி நிலம் அவர்களுடையது. சொந்தமாக நெல் மிஷினும் உண்டு. அவருடைய அம்மா செத்துப் போயிருந்தாள். நோட்டீஸ் ஏற்கெனவே அடித்துப் போயாகிவிட்டது. இப்போது ஆளே நேரில் வந்து கோபாலின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாருய்யா அந்த வீரா? எங்க தங்கச்சி பொணத்த எடுக்கும்போதுகூட அயுவல. இந்த நோட்டீஸப் படிச்சிட்டு நேத்து முச்சூடும் சோறு துன்னல." சட்டைப் பையிலிருந்து நோட்டீசை எடுத்து அவரே படித்தார்.

எல்லாருக்கும் போட்டுவிட்டு
சட்டியைச் சாய்த்துப் பார்ப்பாய்.
உனக்கு இருந்ததா என்று
நாங்கள் ஒருநாளும் பார்க்கவில்லை.

"காரியத்தன்னிக்கு அந்த ஆளு வந்து மைக்ல படிக்கணும். சால்வ போத்தி, எல்லாருக்கும் முன்னாடி உக்கார வச்சி சோறு போடணும். எங்க கீறாரு அவரு?"

"நம்ம ஆளுதாங்க. கொஞ்சம் வெளியூரு..." என்று கோபால் இழுத்தார்.

சின்னராசு புரூப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. பாராட்டுவதுபோல் இயல்பாகத்தான் சொன்னான்.

"வெளியூரு இல்லீங்க. நம்ம காலனி வீரம்மாதான். பால்வாடில கஞ்சி ஊத்துதே, அது. நல்லா எயுதும்."

மெஷின் நின்றிருந்தது. முத்துகிருஷ்ணன் நோட்டீசைப் பார்த்தார். அதை இரண்டு விரலால் பிடித்து மேசைமேல் வைத்தார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஊரு பூரா குடுத்தாச்சே" என்றார்.

கோபால் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முத்துகிருஷ்ணன் கேட்கவில்லை. அவருடைய கண் சின்னராசு மேல் நின்றது. "நீ ஊர்த்தெரு பையன்தானே? சுப்பராயன் மகன். நீ வா. வந்து படி. நீதான் எயுதினன்னு சொல்லிக்கறேன்."

அவர் போனபின் கோபால் திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் மையை விரலில் உரசிக்கொண்டிருந்தார். "சொல்லிட்ட. சரி வுடு. பேஜாரு இல்லாம போச்சு" என்றார். "இனிமே உன் பேரே போட்டுடலாம். அது எயுதட்டும்."

காரியத்தன்று பந்தலில் ஊரே இருந்தது. சின்னராசு மைக்கைப் பிடித்துப் படித்தான். முதல் இரண்டு வரிகளில் அவன் குரல் வாழ்த்து மடல் குரலாகவே இருந்தது. பெண்கள் பக்கம் ஒரு விசும்பல் கேட்டது. பிறகு பத்துக் குரல்கள் எழுந்தன. அவன் எழுதிய எதற்கும் இப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. அடுத்த வரி தடுமாறியது. நிமிர்ந்தபோது பந்தலுக்கு வெளியே வைக்கோல் போருக்குப் பக்கத்தில், பந்தி முடியக் காத்து நின்ற காலனிப் பெண்களுக்கு நடுவே வீரம்மாளைக் கண்டான். அவள் உதடு அசைந்து கொண்டிருந்தது. அந்த வார்த்தையை அங்கிருந்து எடுத்துக்கொண்டு மேலே படித்தான்.

சால்வை போர்த்தினார்கள். முத்துகிருஷ்ணனின் தங்கை அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா சட்டியச் சாய்க்கும்ணா. நெசமாவே சாய்க்கும். நீ எப்படிப் பாத்த?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

இரண்டு நாள் கழித்து அச்சகத்துப் படியில் அதையே வீரம்மாளிடம் கேட்டான். "உனக்கு எப்படித் தெரியும் அது?"

"எங்கம்மா அவங்க களத்துலதான் தூத்தும். கூழு வாங்கப் பின்வாசல்ல நிக்கும், நானும் கூட நிப்பேன். உள்ள இன்னா நடக்குதுன்னு நின்னுக்கினே பாத்துக்கினு கீறதுதானே." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீங்கதான் சொன்னீங்களாமே சார்?"

"நல்லதுக்குத்தான் சொன்னேன். அவரு அப்படி எடுத்துக்குவாருன்னு எனக்கு இன்னா தெரியும்?"

அவள் கோபால் நீட்டிய அடுத்த குறிப்புத் தாளை வாங்கிக்கொண்டு போனாள். வாங்க மாட்டாள் என்று சின்னராசு நினைத்திருந்தான். ஒரு வகையில் அவள் வாங்காமலிருந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்திருந்தான்.

அதற்கப்புறம் ஆட்கள் சின்னராசுவைத் தேடி வந்தார்கள். டீக்கடையில் துட்டு வாங்க மறுத்தார்கள். பஸ்ஸில் இடம் விட்டார்கள். ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு வரியைச் சொல்லி, "எப்படிண்ணா தோணுது உங்களுக்கு?" என்று கேட்கும்போது அவனுக்கு நெஞ்சில் பழைய எரிச்சலே எரிந்தது, முன்னைவிட அதிகமாக. மாமியார் போஸ்டரிலும் அவன் பேர்தான். ராணியம்மாள் அதைப் படித்து அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த வரிய நீ எயுதலை, இல்ல?" என்றாள். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு சாயங்காலம், திருப்புட்குழிக்காரர் ஒருவருடைய நோட்டீஸ் அவசரமாக வேண்டியிருந்தது. கோபால் ஊரில் இல்லை. ஏசுதாஸ் ஈரப் புரூப்பை எடுத்துப் பெஞ்சில் வைத்தான். சின்னராசு படித்துப் பார்த்தான்; அவனுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. வீரம்மாள் கூரை விளிம்புக்குக் கீழே, பாதி முதுகு நனைய நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள வா" என்றான் ஏசுதாஸ்.

"இருக்கட்டும்ணா."

அவன் தாளைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தான். மழைத்துளி படாமல் தாளை உடம்போடு அணைத்துப் பிடித்து, விரலை வரிக்கு வரி ஓட்டிப் படித்தாள். பாட்டு முழுக்க எங்கும் நிற்கவில்லை. கடைசியில் விரல் நின்றது. ஏசுதாஸின் காதிலிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கினாள். தாளைச் சுவரில் வைத்து ஒரு எழுத்தைச் சுழித்து, ஓரத்தில் சரியானதை அழுத்தமாக எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

சின்னராசு எட்டிப் பார்த்தான். 'ஆக்கம்: உத்திரமேரூர் சின்னராகு' என்று இருந்தது. 'கு'வை அடித்து 'சு' போட்டிருந்தாள்.