தாய்வீட்டுப் பிரசவம்

"யாரோடது இது? சொல்லுங்க. நான் ஒண்ணும் கடிச்சுத் தின்னுட மாட்டேன்."

தோகியே அம்மாள் குப்பைப் பையைச் சாப்பாட்டு மேசைமேலேயே வைத்துவிட்டாள். பத்து மணித் தேநீருக்குக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த நான்கு பெண்களும் கோப்பையைத் தொடவில்லை. பைக்குள் கழுவி அடுக்கிய தயிர்க் கிண்ணங்கள், சாஸ் புட்டி மூடிகள். அவற்றின் நடுவே கர்ப்பம் பார்க்கும் வெள்ளைக் குச்சி ஒன்று. அதன் சின்னக் கட்டத்தில் இரண்டு கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

எங்கள் விரிகுடாவில் சிப்பி உடைக்க எங்கள் பிள்ளைகள் வருவதில்லை. அவர்களெல்லாம் ஹிரோஷிமாவுக்கும் ஓசகாவுக்கும் போய்விட்டார்கள். ஆகவே பயிற்சி என்று பெயர் வைத்து வியட்நாமிலிருந்து பெண்களை வரவழைக்கிறோம். சிப்பியின் வாயில் கத்தியை எங்கே செருகுவது என்று கற்றுக்கொள்ள அரை நாள் போதும். மிச்சமுள்ள மூன்று வருஷமும் உடைக்க வேண்டியதுதான். மொரிஷிதா கொட்டகையில் அப்படி நான்கு பேர் இருந்தார்கள். முதலாளியின் மனைவி தோகியேயை அவர்கள் "அம்மா" என்றுதான் கூப்பிட வேண்டும். அது அவளே சொல்லிக்கொடுத்தது.

எங்கள் தெருவில் குப்பைப் பை உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். மேலே வீட்டுப் பெயர் எழுத வேண்டும். தப்பாகப் பிரித்திருந்தால் அந்த வார முறைக்காரர் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த வாரம் முறை ஒகாதா அம்மாளுடையது. அந்தக் குச்சி எரிக்கிற குப்பையில் போக வேண்டியது என்பது அவள் கட்சி. பையை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம் அல்லவா? போகவில்லை. மணியடித்து, தோகியேயைக் கூப்பிட்டு, விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் போனாள். மத்தியானத்துக்குள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கும்தான்.

நால்வரில் மூத்தவள் சுயென். மூன்று வருஷம் முடிந்து நீட்டித்து, இது ஐந்தாவது வருஷம். மற்றவர்களுக்கு ஜப்பானிய மொழி தட்டுத்தடுமாறித்தான் வரும். இவளுக்குச் சரளமாக வரும். அந்தக் குச்சி யாருடையது என்று பார்த்தவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, காயவைத்துப் போட்டிருந்தது. இத்தனை பயபக்தியோடு குப்பை போடுகிறவள் அந்த வீட்டில் ஹுவே ஒருத்திதான். "பிளாஸ்டிக்னா கழுவணும், காய வைக்கணும், செவ்வாய்க்கிழமைப் பையில போடணும். தப்புப் பண்ணினா நம்ம எல்லாருக்கும்தான் கெட்ட பேரு" என்று வந்த புதிதில் அவளை அதட்டி அதட்டிப் பழக்கியவளே சுயென்தான். ஐயோ, இந்தப் பாழாய்ப்போன பாடத்தை நான் ஏன் இத்தனை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"சரி, யாரும் வாயத் திறக்க மாட்டீங்க. நாளைக்கு நாலு பேரையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று தோகியே எழுந்தாள். "சுயென், நீ கொஞ்சம் அடுப்படிக்கு வாம்மா."

அடுப்படியில் அவள் குரல் மாறிவிட்டது. சுயெனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இந்த வீட்டு மூத்த பொண்ணு மாதிரி. உன்கிட்ட ஒளிவுமறைவு எனக்கு என்ன? யாருன்னு சொல்லு. அந்தப் பொண்ணுக்கு நல்லது பண்ணத்தானே கேக்கறேன்? நாலு பேரையும் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா ஊரு சிரிக்காதா?"

சுயென் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தாள். அதன் கதவில் காந்த வில்லையால் ஒட்டியிருந்தது அவளுடைய விண்ணப்பம். இன்னும் மூன்று வருஷம் இங்கே வேலை செய்ய முதலாளி சம்மதம் தர வேண்டிய தாள். முதலாளியின் முத்திரை விழ வேண்டிய இடம் இரண்டு வாரமாகக் காலியாக இருந்தது. தோகியேயும் அவள் கண் போன இடத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"ஹுவே" என்றாள் சுயென்.

சொன்ன பிறகு, மற்ற இரண்டு பெண்களும் டாக்டர் முன்னால் அவமானப்பட வேண்டாமே, அதற்காகத்தான் சொன்னேன் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்று அவளுக்குத் தெரியும்.

கொட்டகைக்குத் திரும்பியபோது ஹுவே பக்கத்து மேடையில் நின்றிருந்தாள். வயது இருபத்தொன்று. இங்கே வந்து பத்து மாசம். வந்த முதல் வாரம் சைக்கிளோடு கால்வாயில் விழுந்தாள். புளிக்கவைத்த சோயாவை வாயில் வைத்துவிட்டுத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கண்ணீர் விட்டாள். தொலைபேசியில் பேசும்போதுகூட எதிரே ஆள் இல்லாமலே குனிந்து கும்பிட்டாள். இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படகேறி, மான்கள் திரிகிற தீவுக்குப் போய்வந்தாள். ஊர் வழக்கப்படி கொட்டகையில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் இனிப்புப் பெட்டி வாங்கிவந்து, "நான் மட்டும் ஊர் சுத்திட்டு வந்ததுக்கு மன்னிச்சுக்குங்க" என்று கொடுத்தாள். "இந்தப் பொண்ணு நம்மளவிட நல்ல ஜப்பான்காரி" என்று கிழவிகளெல்லாம் மெச்சினார்கள். அந்தப் படகில்தான் கப்பல் பட்டறையில் வேலை செய்கிற அவள் நாட்டுப் பையன் குவானைப் பார்த்தாள். நல்ல பையன். விஷயம் தெரிந்ததும் ஓடி ஒளியவில்லை. இங்கேயே கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்றான்.

"அக்கா, அம்மா உங்கள எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்று கேட்டாள் ஹுவே.

"ஒண்ணுமில்ல. குப்பை பிரிக்கிறதப் பத்தித்தான்."

"நான் நல்லாக் கழுவித்தானே போட்டேன்?" அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணியது. "அக்கா, அது என்னோடதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க? நீங்க இருக்கீங்க இல்ல, எனக்காகப் பேசுவீங்க இல்ல?"

சுயென் குனிந்து சிப்பியை உடைத்தாள். கத்தி வழுக்கிக் கையுறையைக் கிழித்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தாவ் என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் இப்படித்தான். அவளை உட்காரவைத்து ஒரு காகிதத்தை நீட்டினார்கள். மொழிபெயர்க்க சுயெனைக் கூப்பிட்டார்கள். தாவ் அழுதுகொண்டே, "இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டதற்கு, "சும்மா ஊருக்குப் போற காகிதம், கையெழுத்துப் போடு" என்று சொன்னவள் சுயென். வந்து இறங்கிய நாளில் அரசாங்கம் ஆளுக்கொரு கையேடு கொடுத்திருந்தது. கர்ப்பமானால் அதைச் சொல்லி வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பிரசவ விடுப்பு உண்டு என்று அதில் அவர்கள் மொழியிலேயே அச்சடித்திருக்கிறது. சுயென் அதைப் படித்தவள். படித்தும் சொன்னாள். தாவ் அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை, பெண்களை வரவழைத்துத் தருகிற சங்கத்திலிருந்து குவாதா வந்தார். முதலாளி வீட்டில் இல்லை. இந்த மாதிரி நாட்களில் அவருக்குச் சரியாகக் கடலில் சிப்பி வளர்க்கிற தெப்பம் பழுதாகிவிடும். முன்னறையில், அடியில் கணப்பு வைத்த மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். தோகியேயின் மகள் சயுரியும் அங்கே இருந்தாள். ஏழு மாசம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வயிற்றில் அம்மா கோயிலில் மந்திரித்து வாங்கிவந்த துணிப்பட்டை. குளிர்காலமாயிற்றே என்று முதுகுக்கு ஒரு மெத்தை, காலுக்கு ஒரு மெத்தை, உரித்துவைத்த ஆரஞ்சு. அவளை உள்ளே போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"கண்ணு, பயப்படாத" என்று ஹுவேயைப் பார்த்துத் தோகியே தொடங்கினாள். "நான் திட்டவே மாட்டேன். சந்தோஷமான விஷயம் இது. இதோ, என் பொண்ணப் பாரு. எங்க நாட்டுல தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு தாய்வீட்டுக்குத்தான் போவா. பெத்தவ கையால சாப்பிட்டாத்தான் உடம்புல ஒட்டும். நீயும் உன் தாய்வீட்டுக்குப் போ. உங்கம்மா பக்கத்துல இருந்து நல்லபடியாப் பெத்துக்க. டிக்கெட் நாங்களே எடுத்துத் தரோம். சுயென், சொல்லு அவளுக்கு."

சுயென் சொன்னாள்.

ஹுவேயின் முகம் தெளிந்தது. "எவ்வளவு நல்லவங்க அக்கா! பெத்து முடிச்சதும் எப்போ திரும்பி வரணும்னு கேளுங்க."

சுயென் கேட்டாள். தோகியே ஆரஞ்சுத் தோலைத் திரட்டத் தொடங்கினாள். குவாதா தொண்டையைச் செருமிக்கொண்டு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"அதெல்லாம் அப்புறமாப் பாத்துக்கலாம்மா. முதல்ல இதுல ஒரு கையெழுத்து. சும்மா வழக்கமான காகிதம்தான்."

ஹுவே பேனாவை எடுத்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு எதையும் உடனே, ஒழுங்காகச் செய்துதான் பழக்கம். பேனா முனை தாளைத் தொடப்போன சமயத்தில், எதற்கும் கேட்போமே என்கிற மாதிரி தலை நிமிர்ந்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு அக்கா?"

அதே கேள்வி. அதே காகிதம். அடுப்படிக் கதவு திறந்துதான் இருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் அவளுடைய விண்ணப்பம் தெரிந்தது. நேற்று மாலைதான் முதலாளி முத்திரை குத்தியிருந்தார். சிவப்பு இன்னும் பளிச்சென்று இருந்தது. எதற்குக் கிடைத்த கூலி அது என்று சுயெனுக்குத் தெரியாதா?

"பேனாவ வை" என்றாள் தன் மொழியில். "நீயா ஆசைப்பட்டு வேலைய விட்டுட்டு ஊருக்குப் போறதா எழுதியிருக்கு. போட்டா திரும்ப வர முடியாது. நீ ஆசைப்பட்டியா?"

"இல்லையே!"

"அப்போ போடாத. உன்ன அனுப்ப இவங்களுக்கு உரிமை கிடையாது. கையேட்டுல இருக்கு. பிரசவ விடுப்பு உண்டு. தாவ் கேட்டப்ப நான் பொய் சொன்னேன். அவ போட்டுட்டுப் போயிட்டா." அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி சொல்ல வராது. "இன்னொண்ணும் கேளு. உன் பேர அம்மாகிட்ட சொன்னது நான்தான்."

ஹுவே அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேனாவை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"என்னம்மா, இத்துனூண்டு காகிதத்துக்கு இவ்வளவு பேச்சா?" என்றார் குவாதா.

"கையெழுத்துப் போட மாட்டாளாம்" என்று சுயென் ஜப்பானிய மொழியில் சொன்னாள். "வேலைய விட அவளுக்கு விருப்பமில்ல. இங்கேயே பெத்துக்கறாளாம். கர்ப்பமானவங்களுக்குக் கொடுக்கிற தாய்-சேய் கையேடு எங்க கிடைக்கும்னு கேக்கறா."

அதை ஹுவே கேட்கவில்லை. சுயெனாகச் சேர்த்துச் சொன்னது.

"ஊராட்சி ஆபீஸ்ல, ரெண்டாவது கவுண்டர்" என்றாள் சயுரி.

"நீ வாய மூடு!" என்று மகள்மேல் பாய்ந்தாள் தோகியே.

"என்னம்மா தப்பா சொல்லிட்டேன்? எனக்கும் அப்படித்தானே ஒண்ணு கொடுத்தாங்க? அவங்க மொழியிலகூட இருக்கு, அங்க அலமாரியில பாத்தேன்."

தோகியேக்கு அழுகையே வந்துவிட்டது. நடிப்பில்லை, நிஜ அழுகை. "பெத்த பொண்ணு மாதிரி வெச்சிருந்தேனே! காய்ச்சல்னா கஞ்சி வெச்சுக் கொடுத்தேனே! நன்றிகெட்டதுங்க" என்று சுயெனைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி அழுதாள். கஞ்சி வைத்துக் கொடுத்தது உண்மைதான். அதனால்தான் எங்கள் ஊரில் இன்றைக்கும் பாதிப்பேர் தோகியே பக்கம். குவாதா தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். எழுந்து போகும்போது அடுப்படிக்குள் நுழைந்து, சுயெனின் விண்ணப்பத்தையும் உருவி எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் விடுப்புச் சொல்லிவிட்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் பேருந்து ஏறினார்கள். குவானுக்குப் பட்டறையில் விடுப்புக் கிடைக்கவில்லை. சுயென் ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்தாள். ஹுவே வந்து, இரண்டு வரிசை முன்னால் தனியாக உட்கார்ந்தாள். மூன்று நாளாக அவள் சுயெனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே அறையில் தூங்கி, ஒரே பானையில் சோறெடுத்து, பேசவில்லை.

இரண்டாவது கவுண்டரில் இருந்த அம்மாள் சிரித்த முகக்காரி. "வாழ்த்துகள்! தலைப்பிள்ளையா?" என்று படிவத்தை எடுத்து வைத்தாள். ஹுவேக்கு ஜப்பானிய எழுத்து தெரியாததால் அவளுக்காக சுயென் நிரப்பினாள். பெயர், பிறந்த தேதி, எத்தனையாவது வாரம். சுயென் கேட்டாள், ஹுவே பதில் சொன்னாள். கேட்டதற்கு மட்டும் சொன்னாள். தாய்வீட்டில் பிரசவமா என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்றாள்.

"துணைக்கு வந்தவங்க பேரும் வேணும்" என்றாள் கவுண்டர் அம்மாள். "அக்காவா? முகஜாடை இருக்கே."

சுயெனின் பேனா நின்றது. அவள் ஹுவேயைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஹுவே தனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில், தானே பதில் சொன்னாள். உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லை. சுயென் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பு.

"இல்லீங்க. கம்பெனி ஆளு."

கவுண்டர் அம்மாள் தலையாட்டிவிட்டு, உறவு என்று போட்டிருந்த கட்டத்தை விரலால் காட்டினாள். சுயென் அதில் அப்படியே எழுதினாள்.