நீளம் தவிர்க்கலாம்

செம்மலை அண்ணன் இரண்டாவது தடவையாக நாவலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தபோது அது பாதியாக இளைத்திருந்தது. முதல் தடவை நானூற்றுச் சொச்சம் பக்கம். இப்போது இருநூறுகூடத் தேறாது. "நீங்க சொன்னபடியே செஞ்சுட்டேம்மா" என்று சொல்லிவிட்டு, ஃபேனுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் என்ன சொன்னேன் என்று சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை.

காரைக்குடியில் சின்னப் பதிப்பகம் எங்களுடையது. முதலாளி ஈஸ்வரன் சார். நான் சந்திரலேகா, மெய்ப்புத் திருத்த வந்தவள், இந்தப் பதினேழு வருடத்தில் வருகிற பிரதிகளைப் படித்துப் பதில் எழுதுகிறவளாகவும் ஆகிவிட்டேன். யார் மனதும் கோணக்கூடாது என்பது சார் போட்ட சட்டம். அதனால் எங்களிடம் தனியாக ஒரு பாஷை உண்டு. 'எளிமையான நடை' என்றால் நடை என்று ஒன்று இல்லவே இல்லை. 'முக்கியமான முயற்சி' என்றால் முயற்சியோடு நின்றுவிட்டது. 'களம் புதிது' என்றால் களத்தைத் தவிர மற்றதெல்லாம் பழசு. 'சில இடங்களில் நீளம் தவிர்க்கலாம், இன்னும் செதுக்கினால் சிறப்பாக வரும்' என்றால், ஐயா சாமி, ஆளை விடுங்கள். எழுதிப் பழகியவர்களுக்கு இது புரியும். கடிதத்தை வாங்கி, எங்களை நாலு வார்த்தை திட்டிவிட்டு, அடுத்த பதிப்பகத்துக்குப் போய்விடுவார்கள். மானகிரியிலிருந்து வருகிற, மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற மனுஷருக்கு அது எப்படிப் புரியும் என்று நான் யோசிக்கவில்லை. அன்றைக்கு இன்னும் நாலு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினார். லேமினேட் செய்து வைத்திருந்தார். ரேஷன் கார்டைப் போல. 'நீளம் தவிர்க்கலாம்' என்பதன் அடியில் சிவப்பு மையில் கோடு. கீழே என் கையெழுத்து. எனக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டு வருடமாக அதை எதிரே வைத்துக்கொண்டு விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து வெட்டியிருக்கிறார். வெட்டின இடத்தில் நிலாவும் தென்றலும் சேர்த்திருக்கிறார். அதையும் நான்தான் கேட்டிருந்தேன். 'மொழியில் இன்னும் அழகு கூட்டலாம்' என்று இரண்டாவது பத்தியில் இருந்தது.

கடிதம்தான் மறந்திருந்தது. நாவலில் ஒரு பகுதி எனக்கு மறக்கவே இல்லை. கொத்தமங்கலத்தில் ஒரு கல்யாணத்தன்று லைன் பழுது. செம்மலை அண்ணனும் கூட வேலை பார்த்த காளிராஜும் போகிறார்கள். கரண்டை நிறுத்திவிட்டுத்தான் ஏறுவார்கள். நிறுத்தின பிறகும் எர்த் ராடு என்று ஒரு கம்பியை லைனில் மாட்டித் தரையோடு சேர்க்க வேண்டும். வேறு எங்கிருந்தாவது கரண்ட் திரும்பி வந்தால் ஆளை விட்டுவிட்டு மண்ணுக்குள் இறங்கிவிடும். மாட்டவேண்டியவர் கீழே நின்ற செம்மலை அண்ணன். அன்று மாட்டவில்லை. கல்யாண வீட்டில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். அது திரும்பி லைனில் வந்தது. காளிராஜ் மேலே இருந்தான். அவனுடைய டிபன் கேரியரை அவன் பெண்டாட்டி நாகஜோதியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற இடத்தில், படித்துக்கொண்டிருந்த நான் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்துதான் அந்தக் கடிதத்தையும் எழுதியிருக்கிறேன். என்னை எதால் அடிப்பது?

பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினேன். இல்லை.

"கொத்தமங்கலத்து அத்தியாயம் எங்கண்ணே?"

"அது நாப்பது பக்கம்மா. இருக்கதுலயே நீளம் அதான." குரலை இறக்கி, "அத வெளிய சொல்ல வேணாம்னு பதமாச் சொல்றீகன்னு எடுத்துக்கிட்டேன்" என்றார்.

போகி அன்று எரித்துவிட்டாராம். நகல் எதுவும் கிடையாது. நாகஜோதிக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. வாயால் சொல்ல முடியாததை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் நாவலே எழுத ஆரம்பித்ததாகச் சொன்னார். மற்ற பக்கமெல்லாம் அந்த நாற்பது பக்கத்துக்குப் போய்ச் சேரத் தைரியம் வருவதற்காக எழுதியதாம். இப்போது அது இல்லாமல் புத்தகம் வந்தால் போதுமா என்று கேட்கத் தேவைப்படவில்லை. போதாது என்பது அவர் உட்கார்ந்திருந்ததிலேயே தெரிந்தது.

"அண்ணே, அந்த நாப்பது பக்கம்தான் நல்லா இருந்துச்சு. மத்தது நல்லா இல்ல. அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல. அந்த லெட்டர்ல இருக்கது எல்லாருக்கும் எழுதுறது."

பதினேழு வருடத்தில் முதல் தடவை. உள்ளறையில் ஈஸ்வரன் சார் இருமினார். செம்மலை அண்ணன் லேமினேஷனின் ஓரத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எம் மகளுக்கு ஏழு எடத்துல ஜாதகம் பொருந்தலன்னாக. பொண்ணு புடிக்கலன்னு அர்த்தம்னு எங்களுக்கே தெரியும். அடுத்த எடத்தப் பாப்போம். இதுக்கும் அப்புடி அர்த்தம் உண்டுன்னு தெரியாமப் போச்சேம்மா."

மன்னிச்சுக்கங்க என்றேன். அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. வெறும் வார்த்தையாக இருந்தது எனக்கே. வெள்ளைத் தாள் எடுத்து, பென்சிலைச் சீவிக்கொண்டு, நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றேன். அவர் கடிதத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். சரி, அந்த அத்தியாயத்தின் முதல் வரி எனக்கு மனப்பாடம்தானே என்று நானே எழுதி, அவருக்குக் கேட்கும்படி வாசித்தேன்.

'அன்று எர்த் ராடு மாட்ட மறந்துவிட்டேன்.'

அவர் அந்தத் தாளையே பார்த்தார். ஃபேன் சுற்றியதில் அதன் மூலை தூக்கித் தூக்கி விழுந்தது.

"அத அடிச்சிருங்கம்மா."

"எத?"

"மறந்துட்டேங்கிறத. மறக்கல. ராடு ஜீப்புலதான் கெடந்துச்சு. அம்புட்டுத் தூரம் போயி எடுத்தாரணுமான்னு இருந்துச்சு."

நான் அடித்தேன். பென்சில் முனை தாளைக் கிழித்துவிட்டது. எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அவர் தலையைத் தூக்கி அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இங்கருந்து அந்தா அந்தக் கதவு வரைக்கும் இருக்கும்."

நானும் திரும்பிப் பார்த்தேன். கதவுக்கு அந்தப்பக்கம் அவர் கழற்றிவிட்டு வந்த செருப்பு தெரிந்தது.