கூரையில் அடித்த கித்தான்

அந்த வண்டியைத் தோட்டத்தில் எல்லாரும் ‘துரை தூங்குற வண்டி’ என்றுதான் சொன்னார்கள். சண்டைக்கு முன்னால் இருந்த வெள்ளைக்கார மேனேஜர், ஒரு பழைய வேனின் சட்டத்தின்மேல் மரத்தில் அறைபோலக் கட்டி, உள்ளே கட்டிலும் அலமாரியும் வைத்து, லீவு நாட்களில் கடலோரம் ஓட்டிப்போய் அதிலேயே படுத்துக்கொள்வாராம். ஜப்பான்காரன் வந்தபோது அவரைச் சிறைபிடித்துக்கொண்டு போனான். வண்டியின் இஞ்சினையும் கழற்றிக்கொண்டு போனான். இரண்டும் திரும்பி வரவில்லை. சக்கரமில்லாத வண்டி ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் செங்கல் அடுக்கின்மேல் கிடந்தது.

காட்டில் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்ட்காரர்களை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்து மூன்றாம் ஆண்டு, ஆற்றோர டிவிஷனில் இருந்தவர்களை எல்லாம் தோட்டத்தின் நடுவில் கம்பி வேலிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். காட்டில் இருக்கிறவர்களுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. வேலிக்குள் வரிசையாக இருந்த கூலி வீடுகளான லயங்களில் ஓர் அறைக்கு இரண்டு குடும்பம், மூன்று குடும்பம் என்று அடைத்தார்கள். லோரி டிரைவர் ராஃபேலுக்கும் அவன் மனைவி அகதாவுக்கும் இரண்டு வயது பிலோமினாவுக்கும் ஒரு மூலைதான் கிடைத்தது. குறுக்கே கட்டிய சேலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் இராத்திரி முழுவதும் இருமினார்.

ராஃபேல் தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி சுப்பிரமணியத்திடம் போய் நின்றான்.

“அந்த வண்டிய எனக்குக் கொடுங்கய்யா. சும்மாதானே கெடக்குது.”

“பாம்பு கெடக்கும்டா.”

“பாம்ப நான் பாத்துக்கிறேன்.”

கிராணி ‘என்னமோ செய்’ என்பதுபோலக் கையை அசைத்தார். அதுவே அனுமதி.

வண்டியைக் கழுவி முடித்த அன்று அகதா கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவள் சாத்துவதற்கென்று ஒரு கதவு இருந்ததில்லை. பிலோமினா கட்டிலில் ஏறிக் குதித்தாள்.

அந்த வாரக் கடைசியில் மழை பெய்தது. கட்டிலின் தலைமாட்டில் சொட்டியது. கட்டிலை இழுத்துப் போட்டார்கள்; கால்மாட்டில் சொட்டியது. கூரையில் ஒட்டியிருந்த பழைய கித்தான் துணி வெடித்துப் பாளம் பாளமாகக் கிளம்பியிருந்தது. ராஃபேல் ரப்பர் பாலை வெடிப்புகளில் ஊற்றிக் காயவைத்தான். இரண்டு வெயிலில் அது சுருங்கி உரிந்து வந்தது. தாரைத் தடவினான். அடுத்த மழையில் கறுப்பாகச் சொட்டியது.

சளி கட்டிக்கொண்டு பிலோமினாவுக்கு மூச்சு இரைந்தது. பிறந்ததிலிருந்தே அவள் நெஞ்சு பலவீனம்.

“நீங்க சொட்டுற எடத்தைப் பாத்துப் பாத்து அடைக்கிறீங்க,” என்றாள் அகதா. “தண்ணி அங்கதான் எறங்குதுன்னு யாரு சொன்னா?”

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூரையில் ஏற்றி, குடம் குடமாகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவன் ஒவ்வோர் இடமாக ஊற்ற, அவள் உள்ளே படுத்து மேலே பார்த்தாள். வண்டியின் முன்பக்கம், சாமான் கட்டுவதற்காகத் துரை ஆணி முடுக்கிப் பொருத்தியிருந்த இரும்புக் கம்பியின் அடியில் ஊற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. தண்ணீர் அந்த ஆணித் துளைகளில் இறங்கி, வளைந்த மரச்சட்டத்தோடு ஊர்ந்து வந்து, ஆறடி தள்ளிக் கட்டிலின்மேல் விழுந்தது. பழைய துணியை உரித்துப் பார்த்தார்கள். முன்பக்கப் பலகைகள் கேக்குபோல விரலில் பிட்டு வந்தன.

பலகை கிடைத்தது. துணிதான் கிடைக்கவில்லை. கூரை முழுவதும் ஒரே துணியாகப் போர்த்தினால்தான் நிற்கும். ஆனால் கித்தானும் தார்ப்பாயும் அந்த நாட்களில் அனுமதி இல்லாமல் வாங்க முடியாத சரக்கு. காட்டுக்காரர்கள் கூடாரம் அடிப்பார்கள் என்று போலீஸ் கட்டுப்பாடு வைத்திருந்தது. ராஃபேல் கேட்ட அனுமதி வரவில்லை.

அந்தக் காலத்தில் லோரி வெளியே போனால் துப்பாக்கியோடு ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் கூடவே போக வேண்டும். ராஃபேலோடு போகிறவன் நல்லசாமி. முன்பு ரப்பர் மரம் சீவிய பால்வெட்டுக்காரன், காக்கிச் சட்டை போட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ராஃபேல் புலம்புவதைக் கேட்டுக் கேட்டுச் சலித்து அவன்தான் வழி சொன்னான்.

“பாசிர் பெனம்பாங்ல பழைய பாய்த்துணி கெடக்கும் மச்சான். படகுல கிழிஞ்சுபோனத சீனன் வச்சிருப்பான். கேட்டுப் பாப்போம்.”

தோட்டத்துக் கடைக்குக் கருவாடு ஏற்றக் கோலசிலாங்கூர் போன நாளில், ஆற்றங்கரையில் லோரியை நிறுத்திவிட்டு இருவரும் படகேறி அக்கரையில் இருந்த பாசிர் பெனம்பாங்குக்குப் போனார்கள். லோரியில் அரிசி மூட்டை இருந்தது. அதைக் காவலில்லாமல் விட்டது பெரிய குற்றம். நல்லசாமி வீட்டுக்கு நண்டு வாங்க ஆசைப்பட்டான். கால் மணியில் வந்துவிடலாம் என்றான்.

சீனப் படகுக்காரன் ஒருவனிடம் பெரிய பாய் ஒன்று இருந்தது. மரப்பட்டைச் சாயம் ஏறிச் செம்பழுப்பாக இருந்தது. வண்டிக்கு அவ்வளவு தேவையில்லை. படகுக்காரன் அதை நடுவில் வெட்டி, ஒரு பாதியைச் சுருட்டிக் கொடுத்தான். மறுபாதியை மூலையில் போட்டுக்கொண்டான். கூடவே பலகை இடுக்கில் காய்ச்சி ஊற்றக் கொஞ்சம் குங்கிலியமும் கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு நல்லசாமியும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூரையில் ஏறினான். இடுக்குகளில் குங்கிலியம் ஊற்றி, கெட்டி வெள்ளைப் பெயிண்டைப் பலகையெங்கும் அப்பி, அது காய்வதற்குள் துணியை விரித்து இழுத்து ஓரத்தில் சின்னச் சின்ன ஆணியாக அறைந்து, மேலேயும் ஒரு பூச்சுப் பெயிண்ட் அடித்தார்கள். அகதா கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாள்.

“அந்தச் சீனன் வெட்டுனான் பாரு தங்கச்சி,” என்று நல்லசாமி மேலிருந்து சொன்னான். “மீன் அறுக்கிற கத்தி. ஒரே இழுப்பு. வகுந்துட்டான் லா!”

அந்த மாதம் மூன்று பெரிய மழை பெய்தது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. மூன்றாவது மழையின்போது அகதா விழித்துக்கொண்டு, மகளின் மூச்சைக் கேட்டபடி படுத்திருந்தாள். இரைப்பு இல்லை. ராஃபேலை எழுப்பிக் காட்டலாமா என்று நினைத்து, பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

ராஃபேலைப் பிடித்துக்கொண்டு போனது அக்டோபரில். சதுப்புக் காட்டுக்குள் போன பட்டாளம் ஒரு முகாமைக் கண்டுபிடித்திருந்தது. ஆட்கள் ஓடிவிட்டார்கள். கூடாரமாகக் கட்டியிருந்த செம்பழுப்புப் பாய்த்துணி மட்டும் அகப்பட்டது. அதில் இருந்த ஒட்டுத் தையலை வைத்துப் பாசிர் பெனம்பாங் படகுக்காரனைப் பிடித்தார்கள். அவன் அடி தாங்காமல், பாய் முழுவதையும் தோட்டத்து லோரி டிரைவருக்குக் கொடுத்ததாகச் சொல்லிவிட்டான்.

“பாதிதான் வாங்கினேன். நல்லசாமி பக்கத்துல இருந்தான், அவனக் கேளுங்க,” என்றான் ராஃபேல்.

நல்லசாமியைக் கேட்டார்கள். நான் அக்கரைக்கே போகவில்லை, லோரிக்குக் காவலாக இக்கரையில்தான் நின்றேன் என்றான் நல்லசாமி.

அகதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு புக்கிட் ரோத்தான் வரை நடந்து, அங்கிருந்து பஸ்ஸில் கோலசிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். “என் வீட்டுக் கூரையில இருக்குதய்யா. வந்து பாருங்க,” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

மறுநாள் வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர், இரண்டு மலாய்க்காரப் போலீஸ், காவலுக்கு நல்லசாமி. கூரையில் வெள்ளைப் பெயிண்ட்தான் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் எதையோ சொன்னார். துணியின் முழு அளவும், வெட்டின ஓரமும் பார்க்க வேண்டுமாம், உரித்தாக வேண்டுமாம். ஒரு போலீஸ்காரன் கடப்பாரையோடு ஏணியில் கால் வைத்தான்.

“நில்லுங்க,” என்றாள் அகதா. “நானே கழட்டுறேன். கிழிக்காதீங்க.”

குறடை எடுத்துக்கொண்டு கூரையில் ஏறினாள். ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். இதைக் காட்டிவிட்டால் ராஃபேல் வந்துவிடுவான், மறுபடி இதே ஆணிகளை வைத்து அடித்துக்கொள்ளலாம் என்றுதான் அப்போது நினைத்தாள். பெயிண்டில் பிடித்திருந்த துணி சில இடங்களில் பலகைச் சிலும்போடு பெயர்ந்து வந்தது. கீழே நல்லசாமி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் ஏணியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துணியைப் புல்லில் விரித்தார்கள். காட்டில் எடுத்ததை அதன் பக்கத்தில் வைத்தார்கள். வெட்டின ஓரம் இரண்டும் அப்படியே பொருந்தியது.

“பாத்தீங்களா? பாதிதானே!” என்றாள் அகதா.

இன்ஸ்பெக்டர் சொன்னதை ஒரு போலீஸ்காரன் உடைந்த தமிழில் சொன்னான். “ஆமா. பாதி இங்க. பாதி காட்டுல. ஒன் புருஷன்தான் பிரிச்சுக் கொடுத்தான்.”

இரண்டு துணியையும் சாட்சிப் பொருள் என்று சுருட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டு போனார்கள். வழக்கு நடக்கவில்லை. அவசரகாலச் சட்டத்தில் வழக்கில்லாமலே உள்ளே வைத்திருக்கலாம். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ராஃபேல் அவளைப் பார்த்தபோது முதலில் கேட்டது மகளை. அடுத்துக் கேட்டது கூரையை.

“திரும்ப அடிச்சிட்டேன். ஒழுகல,” என்றாள் அகதா.

அடித்தது அத்தாப்பு ஓலை. நவம்பர் மழை ஓலையைத் தூக்கிக்கொண்டு போனது. பெயர்ந்த பலகைகளின் இடுக்கில் குங்கிலியமும் உதிர்ந்துவிட்டது. அவள் கிராணியிடம் போய் லயத்தில் பழைய மூலையைக் கேட்டாள். அங்கே வேறு குடும்பம் வந்துவிட்டது என்றார் கிராணி. அவள் வெளியே வரும்போது, “கம்யூனிஸ்ட்காரன் பொண்டாட்டிய யாரும்மா சேத்துக்குவாங்க?” என்று மெதுவாகச் சொன்னார், பரிதாபமாகத்தான் சொன்னார்.

அகதா கட்டிலின் அடியில் பாயைப் போட்டு, மகளை மார்போடு அணைத்துக்கொண்டு படுத்தாள். மழை நிற்கவில்லை. பிலோமினாவுக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து டிரஸர் மருந்து கொடுத்தான். மூச்சு குழந்தையின் விலாவைக் குழிவாக இழுக்கத் தொடங்கியதும் லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் விடியும்போது அகதாவின் விரலைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது.

கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டம் வேலிக்கு வெளியே இருந்தது. அடக்கத்துக்குப் போகிறவர்களோடும் துப்பாக்கிக்காரன் போக வேண்டும். அன்று முறை நல்லசாமிக்கு. ராஃபேலை விடவில்லை. உபதேசியார் ஜெபம் சொன்னார். பால்வெட்டுக்காரி ரோசரியும் இன்னும் நாலைந்து பேரும் மண் போட்டார்கள். எல்லாரும் திரும்பும்போது அகதா மட்டும் நின்றாள். அவளை விட்டுவிட்டுப் போக முடியாததால் நல்லசாமியும் நின்றான்.

“அண்ணே,” என்றாள். அழுகை இல்லாத குரல். “அந்தச் சீனன் துணிய எதால வெட்டுனான்னு சொன்னீங்க?”

நல்லசாமி துப்பாக்கியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டான்.

“கூரை மேல நின்னு சொன்னீங்களே. எனக்கு மறந்துபோச்சு. சொல்லுங்கண்ணே.”

“தங்கச்சி… நாலு புள்ளைங்க எனக்கு.”

“எனக்கு ஒண்ணுதான் இருந்துச்சு.”

வேலிக் கதவு அடைக்க மணி அடித்தது. இருவரும் நடந்தார்கள். மறுநாள் காலை நல்லசாமி துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுக் கோலசிலாங்கூர் போய், நடந்ததை நடந்தபடி சொன்னான். அரிசி லோரியைக் காவலில்லாமல் விட்டதற்கும் பொய் சொன்னதற்கும் அவனுக்குச் சிறை. ராஃபேலை உடனே விட்டுவிடவில்லை. விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். ஈஸ்டர் முடிந்த பிறகுதான் விட்டார்கள்.

அவன் வந்தபோது அகதா ரோசரியின் அறையில் இருந்தாள். குழந்தை இறந்தது அவனுக்குச் சிறையிலேயே தெரியும். கல்லறைக்குப் போய்விட்டு வந்து, அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்தான். பிறகு சொன்னான்.

“வண்டியில யாரோ இருக்காங்க. துணி காயுது.”

“தாயம்மா. நல்லசாமி அண்ணன் சம்சாரம். கான்ஸ்டபிள் குவார்ட்டர்ஸ விட்டு அனுப்பிட்டாங்க. நாலு புள்ளைங்களையும் வச்சுக்கிட்டு எங்க போவா? கிராணி அங்க போட்டாரு.”

ராஃபேல் ஒரு சுள்ளியை அடுப்புக்குள் தள்ளினான்.

“ஒழுகுமே,” என்றான்.

“ஒழுகுது.”

“நீ எங்கிட்ட ஒழுகலன்னு சொன்ன.”

அவள் அடுப்பிலிருந்த பானையை இறக்கி வைத்தாள்.

சனிக்கிழமை அகதா ஸ்டோரிலிருந்து பழைய தகரத்துண்டுகள் கேட்டு வாங்கி வந்தாள். தாரைச் சூடாக்கி எடுத்துக்கொண்டாள். “வாங்க, ஒரு கை புடிங்க,” என்றாள். ராஃபேல் எழுந்திருக்கவில்லை.

“அந்த வண்டிப் பக்கம் என்னைக் கூப்பிடாத அகதா. என்னால முடியாது.”

அவள் வற்புறுத்தவில்லை. அவளுக்கும் முடியாதுதான். நல்லசாமியை அவள் மன்னித்துவிட்டாளா என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. தாயம்மாவின் கடைசிப் பிள்ளைக்கு இரண்டு நாளாக இருமல், அவ்வளவுதான் தெரியும்.

தாயம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அகதா முன்பக்கத்து ஆணித் துளைகளை முதலில் அடைத்தாள். அதன்மேல் தகரத்தை வைத்து அடித்தாள். கடற்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பாதிக் கூரை முடிவதற்குள் தூறல் போட்டது. மீதியை மறுவாரம்தான் முடித்தாள்.

ராஃபேலுக்குத் தோட்டத்தில் மறுபடி லோரி கொடுக்கவில்லை. ஜூன் மாதம் இருவரும் அசாம் ஜாவா பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கூலி வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு அதற்குப் பிறகு குழந்தை இல்லை. கல்லறைத் திருநாளுக்கு மட்டும் தோட்டத்துக்கு வருவார்கள். வேலிக்கு வெளியிலேயே போய்விட்டு, வெளியிலேயே திரும்பிவிடுவார்கள்.