பதினாறு உருண்டை, வளையம் எங்கே?

வெந்நீர் வைக்கச் சொன்னாலே பாத்திரத்தைத் தீய்த்து வைக்கிற மனுஷன் பலகாரம் செய்து மூடி வைத்திருக்கிறார் என்றால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்?

அவள் நம்பவில்லை. வேலை முடிந்து வந்தவள் கைப்பையைக்கூட இறக்காமல், அடுப்பு மேடையில் கவிழ்த்திருந்த தட்டைத் தூக்கிப் பார்த்தாள். சர்க்கரைப் பொடியில் புரட்டிய டோனட் உருண்டைகள். எண்ணினாள், பதினாறு. இந்த வாரத்தில் இது இரண்டாவது தடவை. உனக்காக நானே செய்தேன் என்று புருஷன் கூடத்திலிருந்து சொன்னார். வீடு வீடாகப் போய் வயரிங் பார்க்கிற எலக்ட்ரீஷியன். மனதில் எதையாவது மறைத்தால் காதைச் சொறிகிற பழக்கம் அவருக்கு உண்டு. அன்றைக்குச் சொறிந்த சொறியில் காது சிவந்துவிட்டது.

அவள் ஒன்பது வருஷமாக ஒரு பேக்கரியில் டோனட் வெட்டும் மேசையில் நிற்கிறவள். தேய்த்த மாவின் மேல் அச்சை அமுக்கினால் ஒரு வளையம், நடுவிலிருந்து ஒரு சின்னத் துண்டு. அந்த நடுத்துண்டைத்தான் தனியாகப் பொரித்து உருண்டை என்று விற்பார்கள். ஒரு நாளைக்கு எண்ணூறு தடவை இதைச் செய்கிற கைக்கு வேறு கணக்குத் தெரியாது. கொட்டை கிடந்தால் பழத்தை யாரோ தின்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். பதினாறு உருண்டை இங்கே இருக்கிறது. பதினாறு வளையம் எங்கே போயிற்று?

ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். குப்பைக்கூடையைக் கிளறினாள். அவர் குளிக்கப் போன சமயம் கருவிப்பையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தாள். ஸ்க்ரூடிரைவரும் டேப்பும்தான் விழுந்தன. வளையம் இந்த வீட்டில் இல்லை. அப்படியானால் வேறு எந்த வீட்டில் இருக்கும்? அவளிடம் மறைத்து அவர் போகக்கூடிய வீடு ஒன்றே ஒன்றுதான்.

இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிறது அவளுடைய தங்கச்சி வீடு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், கைக்குழந்தைக்கு எதை எப்போது ஊட்டலாம் என்று ஏதோ நல்லது சொல்லப் போனாள் இவள். "பெத்தவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போகுது?" என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டாள் தங்கச்சி. பிள்ளை இல்லாதவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? அன்றைக்குப் படியிறங்கினவள்தான். இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டோம் என்று இவள் சொல்ல, புருஷனும் கூடவே சொன்னார். உலகத்தில் தன் பக்கம் நிற்க ஒரு ஆள் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் இத்தனை நாளும் அவள் நிமிர்ந்து நடந்தாள். அதுவும் போய்விட்டால்?

மறுநாள் அவளுக்கு விடுமுறை. காலையிலேயே அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பண்ணுங்க. என் கண்ணு முன்னால பண்ணுங்க."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மாவும் சர்க்கரையும் பேக்கிங் பவுடரும் கலந்தார், முட்டை உடைத்து ஊற்றினார், பாலை விட்டுக் கிளறினார். மாவு கெட்டியாக, பிசுக்கென்று இருந்தது. இதை எப்படித் தேய்ப்பார், அச்சுக்கு எங்கே போவார் என்று அவள் காத்திருந்தாள். கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற அவசரத்தில் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

அவர் மாவைத் தேய்க்கவே இல்லை. ஒரு கரண்டியால் அள்ளினார், இன்னொரு கரண்டியால் வழித்து எண்ணெயில் தள்ளினார். முங்கின மாவு உப்பி மேலே வந்தது. ஒரு பக்கம் சிவந்ததும் தானாகப் புரண்டு மறுபக்கத்தைக் காட்டியது. உருண்டை, அவ்வளவுதான். வளையமும் இல்லை, வெட்டும் இல்லை.

அவளுக்குத் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒன்பது வருஷ அனுபவம் என்று பீற்றிக்கொண்டதற்கு நல்ல செருப்படி. குப்பைக்கூடை, கருவிப்பை, வளையக் கணக்கு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னாள். "நீங்க அவ வீட்டுக்குப் போறீங்கன்னு நெனச்சுட்டேன். தப்புதான், மன்னிச்சிடுங்க," என்றாள்.

அவர் அடுப்பை அணைத்தார். இந்தத் தடவை காதைச் சொறியவில்லை.

"போறேன்," என்றார். "மூணு வாரமா போறேன். சுவிட்ச் போர்டு எரிஞ்சு போச்சுன்னு போன் பண்ணா. சின்னக் குழந்தைய வச்சுக்கிட்டு இருட்டுல கெடக்கறா, எப்படிப் போகாம இருக்கறது? குழந்தைக்கு இதைப் பொரிச்சுக்கிட்டிருந்தா, பாத்துக் கத்துக்கிட்டேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

வளையம் பொய்யாகிவிட்டது, சந்தேகம் மட்டும் மெய்யாக நின்றது. கத்தியிருக்கலாம். தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். என்ன செய்வதென்று தெரியாமல் கை தன்பாட்டுக்கு ஒரு உருண்டையை எடுத்து இரண்டாகப் பிட்டது. வெளியே நல்ல சிவப்பு. நடுவில் பச்சை மாவு, விரலில் ஒட்டியது.

"எண்ணெய் இவ்வளவு காஞ்சா உள்ள வேகுமா? இதுல பாதி அளவு போடணும், தீயைக் குறைக்கணும். டோனட்ல நடுவ வெட்டி எடுக்கறதே நடுப்பாகம் வேகாதுன்னுதான். அவளும் இப்படித்தான் பொரிக்கறாளா? ரெண்டு வயசுப் புள்ளைக்குப் பச்சை மாவு குடுத்தா வயிறு என்னத்துக்கு..."

பாதியில் நிறுத்தினாள். படியிறங்கின அன்றைக்கும் இதே மாதிரி ஒரு பேச்சைத்தான் அவள் ஆரம்பித்திருந்தாள்.

அவருக்கும் அது புரிந்தது. அவள் விரலில் இருந்த மாவைத் துணியால் துடைத்துவிட்டார்.

"நான் சொன்னா அவளுக்கு ஏறாது," என்றார். "நீ சொல்லணும்."

"சொன்னா மறுபடியும் அதையே கேப்பா."

கேட்க மாட்டாள் என்று சத்தியம் செய்ய அவரால் முடியாது, அது அவளுக்கும் தெரியும். அவள் அந்தப் பச்சை நடுவைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து, கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"குழந்தை எத்தனை மணிக்குச் சாப்பிடும்?" என்று கேட்டாள்.