இதாயாவின் தொண்டையில் பவுரோ

பிகெனூகா தீவில் ஓட்டுக் கேட்டு வந்த இதாயா பேசிய குரல் அவனுடையது அல்ல. சூரை மீன் பிடிக்கப் போய்த் திரும்பாத பவுரோவினுடையது. தலைநகர் தாராவாவிலிருந்து வரும் வழியில் இதாயாவின் படகு இயந்திரம் நின்றுபோய், சில நாள் கடல் இழுத்த பக்கமெல்லாம் போயிருக்கிறான். கரை ஒதுங்கியதும் யாரோ இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வாயைத் துடைத்து, "மவராசனா இரு" என்றான். கரையில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் அது பவுரோவின் குரல் என்று தெரிந்துவிட்டது. யாரும் பெரிதாக வியக்கவில்லை. கடலில் பொருள்கள் கைமாறுவது உண்டு. அதற்கு முந்திய வருஷம் பிகெனூகாக்காரர் ஒருவரின் துடுப்பு பக்கத்துத் தீவில் ஒதுங்கி, அங்கே ஒருவர் அதை வைத்துத்தான் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்பு இதாயாவுக்கு இருந்தது கீச்சுக் குரல். அந்தக் குரலோடு இரண்டு தேர்தலில் நின்றவன். "என்னால முடிஞ்சது ஒரே ஒரு மழைத்தண்ணித் தொட்டிங்க. அதைக் கண்டிப்பா கொண்டு வரேன்" என்று ஊர்க் கூடத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னான். "கூடத்துக்குள்ள கொசு பூந்துடுச்சு, யாராச்சும் புகை போடுங்கப்பா" என்று கைதாராக் கிழவர் கையை வீசினார். அவன் சொந்தக்காரர்கள்கூட ஓட்டுப் போடவில்லை. புதுக் குரல் வந்தபின் தினமும் விமானம் வரும் என்றான், மீனுக்குக் குளிர்பதனக் கிடங்கு வரும் என்றான், கடல்வாயை அடைத்து அக்கரைத் திட்டுவரை கல்பாலம் போடுவேன் என்றான். அடிமணலிலிருந்து வருகிற மாதிரி கனத்த, ஆறஅமர்ந்த குரல். அவன் பேசும்போது காய்ச்சல்காரப் பிள்ளைகள் அழுகையை நிறுத்தினார்கள். உப்புக் கரித்த கிணறுகள் மறுநாள் மதியம்வரை இனித்தன. அவன் உயரமும் கூடிவிட்டது. எட்டாத உயரத்தில் இருந்த கூடத்து விட்டத்தில் நெற்றியை இடித்துக்கொண்டான். புடைத்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

பவுரோவின் மனைவி தரேமா கணவனுக்கு இன்னும் சாவுச் சடங்கு செய்யவில்லை. உடல் வராதபோது நான் ஏன் அழ வேண்டும் என்பாள். கல்பாலம் பவுரோ அவளிடம் விட்டுப்போன நிலத்தில்தான் தொடங்க வேண்டும். அந்தக் கடல்வாய்தான் முழுநிலா நாளில் மீன்கள் முட்டையிடப் போய்வரும் வழி. பவுரோ என்றாவது வந்தால் அவன் படகு நுழையும் வழியும் அதுவே. நிலம் கேட்டு இதாயா வந்தபோது அவள், "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். மறுபடி வந்தான். மறுபடியும் அதையே சொன்னாள். மீன் சுட்டு வைப்பாள், எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அவன் கருங்கல்லையும் சிமெண்டையும் பற்றிப் பேசப் பேச, அவள் கழுத்தோரம் பவுரோவின் மூச்சுக் காற்றுப் பட்டது. "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க, எனக்கு வெளங்கலை" என்பாள். எல்லாம் விளங்கியிருந்தது. சரி என்றாலும் அவன் வரமாட்டான், மாட்டேன் என்றாலும் வரமாட்டான், அதனால்தான் இழுத்தடித்தாள்.

இதற்குள் ஊர்ப் பெரியவர்களுக்கு வேறு கவலை வந்தது. கூடத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்திலிருந்துதான் அந்தக் குடும்பத்து ஆண் பேச வேண்டும். அங்கிருந்து சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. பவுரோவின் குரலை விருந்தாளி இடத்தில் உட்கார வைத்திருக்கிறோமே, இது மரியாதையா என்று கைதாரா கேட்டார். நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டி, இதாயாவைக் கொண்டுபோய்ப் பவுரோவின் தூணடியில், பவுரோவின் பாயில் உட்கார வைத்தார்கள். பின்வரிசையில் தரேமா.

இதாயா தூணில் முதுகைச் சாய்த்தான். தொண்டையைச் செருமினான், அந்தச் செருமலும் பவுரோவினுடையதுதான். "கடல்வாய்க்கிட்ட இருக்கிற என் நிலத்தை ஊருக்குக் குடுக்கிறேன்" என்றான்.

பவுரோவின் இடம், பவுரோவின் குரல், பவுரோவின் நிலம். "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றார் கைதாரா. பெரியவர்கள் தங்கள் தவறை அப்போதுதான் உணர்ந்தார்கள்; ஆனாலும் முறை முறைதான்.

அந்தச் சொல்லைத் தடுக்க ஒரே வழி இருந்தது. செத்தவன் நிலம் கொடுக்க முடியாது. அதைச் சொல்ல வேண்டியவள் தரேமா. அவள் வெகுநேரம் பாயின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். இதாயா கிடங்கைப் பற்றி, விமானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனான். அந்தக் குரலைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு அவள் எழுந்தாள். கூடத்தில் பெண்கள் எழுந்து பேசுவதில்லை. யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"என் வீட்டுக்காரரு செத்துப்போயிட்டாரு" என்றாள்.

இதாயா "விமானம்" என்ற சொல்லைக் கனத்த குரலில் தொடங்கி, கீச்சுக் குரலில் முடித்தான். தோள்கள் இறங்கின, சட்டை தொளதொளத்தது. "போச்சுடா, பழைய கொசுவே வந்துடுச்சு" என்று யாரோ சொன்னார்கள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் தரேமா அப்போதுதான் அழ ஆரம்பித்திருந்தாள்.

சடங்கு நடந்தது, பன்றி அறுத்து ஊருக்கே சாப்பாடு போட்டார்கள். கல்பாலம் வரவில்லை. இதாயா அடுத்த தேர்தலில் கீச்சுக் குரலோடு நின்று தோற்றான். பவுரோவின் குரல் மட்டும் கடலுக்குத் திரும்பாமல் தூணடியிலேயே தங்கிவிட்டது. கூட்டம் கலைகிற நேரத்தில் ஓரிரு வார்த்தை பேசும். சின்னப் பிள்ளைகளுக்கும் கேட்கும், காது மந்தமான கைதாராவுக்கும் கேட்கும். தரேமாவுக்கு மட்டும் கேட்காது. அவள் வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு ஆனாவின் கையைப் பிடித்து, "என்னடி சொன்னாரு?" என்பாள். சில நாள் ஆனா மனசு கேட்காமல் இனிப்பாக எதையாவது சேர்த்துச் சொல்வாள். "போடி, அது அவரு பேச்சே இல்ல" என்று தரேமா தள்ளிவிடுவாள்.

"இன்னைக்கு என்னடி?"

"காத்து மேற்கால திரும்புதாம்க்கா. ராவுக்கு மழை உண்டாம்."

"ம், இது அவருதான்."

தரேமா நேராக வீட்டுக்குப் போய், காயப்போட்டிருந்த மீனையெல்லாம் எடுத்து உள்ளே வைத்தாள்.