ஷார்ஜாவிலிருந்து காற்று

கூடத்து ஃபேனுக்கு ரிமோட் இருந்தது. அது போதாதென்று என் கணவர் ஜாஃபர் சாதிக் ஷார்ஜாவிலிருந்து ஒரு கறுப்பு டப்பா கொடுத்தனுப்பினார். அவர் அங்கே போனைத் தொட்டால், டப்பா ரிமோட் மாதிரியே சிக்னல் விடும்; நாகப்பட்டினத்தில் எங்கள் ஃபேன் சுற்றும். நிஜமாகவே சுற்றுகிறதா என்பது மட்டும் டப்பாவுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

"நீ வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது, நிலோஃபர்," என்றார். மத்தியானமானால் போட்டுவிடுவார். என்னைக் கேட்பதில்லை.

நோன்பு வருகிறதென்று இடியாப்ப மாவு வறுத்து, ஃபேனை ரிமோட்டில் அணைத்துவிட்டு, கூடத்தில் துணி விரித்து ஆறப்போட்டேன். அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சோபா, டிவி, ஜன்னல் திரை எல்லாம் வெள்ளை.

பெருக்கித் துடைத்துவிட்டு, டப்பாவின் மேல் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்தேன். ஒயர் மட்டும் வெளியே தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் போன் செய்தார்.

"ஃபேன் போட்டிருக்கேன். காத்து நல்லா வருதா?"

"வருதுங்க."

"இன்னும் கூட்டவா?"

"வேண்டாங்க, குளிருது."

"சரி, குறைச்சுட்டேன்," என்றார் திருப்தியாக.

அசையாத ஃபேனுக்குக் கீழே புது மாவு ஆறிக்கொண்டிருந்தது.